வரிசைப்படுத்திய இரண்டு அரேக்களின் இடைநிலை: வெட்டு எங்கே விழுகிறது?

கேள்வி இதுதான். ஏற்கெனவே ஏறுவரிசையில் உள்ள இரண்டு அரேக்கள், அதாவது எண் பட்டியல்கள், இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் வரும் மொத்த எண்களுக்கு இடைநிலை, அதாவது மீடியன், என்ன? கேட்டவர் திருத்துறைப்பூண்டித் தம்பி ஒருவர். மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறார், கேம்பஸ் நேர்காணலுக்குத் தயாராகிறார். இரண்டையும் மெர்ஜ் செய்து (ஒரே வரிசையாகச் சேர்த்து) நடுவில் இருப்பதை எடுக்க அவருக்குத் தெரியும். "லாக் நேரத்தில் முடி" (எண்கள் இரட்டிப்பானாலும் ஒரே ஒரு சுற்றுதான் கூட வேண்டும்) என்று கேட்டால்தான் மாட்டிக்கொள்கிறார். விடைக் கோடை (புரோகிராம் வரிகளை) மனப்பாடம் செய்திருக்கிறாராம். ஆனால் ஏன் சின்ன அரேயில் மட்டும் தேட வேண்டும், இன்ஃபினிட்டி (முடிவிலி) எதற்கு, பாதியைக் கணக்கிடும்போது ஒன்றைக் கூட்டுவது ஏன் என்று எதுவும் பிடிபடவில்லை என்கிறார். கூடவே ஒரு சந்தேகம்: இரண்டு அரேக்களின் இடைநிலையையும் தனித்தனியே கண்டுபிடித்து அவற்றின் சராசரியை எடுத்தால் ஆகாதா?

தம்பி, லீட்கோடு என்னும் புரோகிராம் பயிற்சித் தளத்தில் இது நான்காவது கணக்கு, "ஹார்ட்" என்று முத்திரை குத்தி வைத்திருக்கிறார்கள். அந்த முத்திரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோடு முழுதும் இருபது வரி தாண்டாது. மனப்பாடம் செய்தால் நேர்காணலில் ஒரு குறுக்குக் கேள்வியிலேயே கழன்றுவிடும். எதைத் தேடுகிறோம் என்பது விளங்கிவிட்டால் கோடை நீங்களே எழுதிவிடலாம்.

நம்ம ஊர்க் கணக்கையே எடுத்துக்கொள்வோம். சம்பா அறுவடை முடிந்து மாவுக்கு எத்தனை மூட்டை கண்டது என்று விசாரித்து எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள். (டெல்டாவுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்கு: ஒரு மா என்பது 100 குழி. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி.) தலைஞாயிறு பக்கம் கடைமடையில் ஐந்து வயல், திருவையாறு பக்கம் தலைமடையில் எட்டு வயல். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை.

அ (கடைமடை): 3, 5, 6, 11, 13
ஆ (தலைமடை): 7, 8, 10, 10, 12, 12, 14, 15

மொத்தம் பதின்மூன்று வயல். சேர்த்து வரிசைப்படுத்தினால் 3, 5, 6, 7, 8, 10, 10, 11, 12, 12, 13, 14, 15. ஏழாவது எண் 10. அதுதான் இடைநிலை.

சராசரி இருக்க இடைநிலை எதற்கு? இந்தப் பதின்மூன்றின் சராசரி சுமார் 9.69. கடைமடையில் 3 மூட்டை கண்ட வயல் வடகிழக்குப் பருவமழையில் முழுகி ஒன்றுமே இல்லாமல் போனது என்று வையுங்கள். சராசரி 9.46-க்கு இறங்கிவிடும். இடைநிலை 10-ஐ விட்டு அசையாது. ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு வயல் மொத்தப் படத்தையும் இழுத்துவிடாமல் இருக்கத்தான் அது. பயிர்க் காப்பீட்டில் இழப்பைக் கணக்கிடுவது என்னவோ சராசரி மகசூலை வைத்துத்தான். அது வேறு சண்டை, இங்கே வேண்டாம்.

உங்கள் கடைசிச் சந்தேகத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அ-வின் இடைநிலை 6. ஆ-வில் எட்டு எண் இருப்பதால் நடு இரண்டான 10, 12-இன் சராசரி, 11. இரண்டுக்கும் சராசரி 8.5. சரியான விடை 10. தவறு. "வயல் எண்ணிக்கைக்கு ஏற்ப எடை கொடுத்துச் சராசரி எடுத்தால்?" என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐந்து தடவை 6, எட்டு தடவை 11, கூட்டி 13-ஆல் வகுத்தால் 9.08 சொச்சம். அதுவும் தவறு. இடைநிலை என்பது ஒரு வரிசையில் இன்ன இடத்தில் நிற்கும் எண், அவ்வளவுதான்; அதற்கு இரு பக்கமும் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அதில் இருக்கிறது, அவர்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள் என்பது இல்லை. அந்தத் தகவலைத் தொலைத்துவிட்டு இரண்டை ஒன்றாக்க முடியாது. சேர்ந்த இடைநிலை அந்த 6-க்கும் 11-க்கும் வெளியே போகாது என்பது மட்டும் உறுதி. தேட ஒரு எல்லை கிடைத்தது, விடை கிடைக்கவில்லை.

மெர்ஜ் முறை உங்களுக்குத் தெரியும் என்பதால் அதில் ஒன்றே ஒன்று. முழுதாக மெர்ஜ் செய்து மூன்றாவது அரே ஒன்றை நிரப்பத் தேவையில்லை. இரண்டு அரேயின் தொடக்கத்திலும் ஒவ்வொரு விரலை வைத்து, சின்னது இருக்கும் விரலை நகர்த்திக்கொண்டே போய், ஏழாவது நகர்வில் எந்த எண் என்று பார்த்து நிறுத்தினால் போதும். அந்த இரண்டு விரலுக்கு மேல் கூடுதல் இடம் வேண்டாம். நேர்காணலில் இதை முதலில் சொல்லுங்கள். நேரே லாக்குக்குத் தாவுகிறவரைப் பார்த்தால் கேட்பவருக்கு "எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறான்" என்றுதான் தோன்றும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

பதின்மூன்று எண்ணை இரண்டு கூட்டமாகப் பிரிக்க வேண்டும். இடது கூட்டத்தில் ஏழு, வலது கூட்டத்தில் ஆறு. இடதில் உள்ள எதுவும் வலதில் உள்ள எதையும் விடப் பெரிதாக இருக்கக் கூடாது. அப்படிப் பிரித்துவிட்டால் இடதில் பெரியது எதுவோ அதுதான் ஏழாவது எண், அதுதான் விடை. அந்த ஏழு பேர் அ-விலிருந்து சிலர், ஆ-விலிருந்து சிலர் வருவார்கள். இரண்டு அரேயும் ஏற்கெனவே வரிசையில் இருப்பதால், அ-விலிருந்து யாரை எடுத்தாலும் அதன் தொடக்கத்திலிருந்துதான் எடுக்க முடியும். ஆகவே அ-விலிருந்து எத்தனை பேர் என்ற ஒரு எண்ணிக்கையைச் சொன்னால் போதும். அதை க என்று வைப்போம். ஆ-விலிருந்து வருவது 7 − க. அதை ச என்று வைப்போம். அது நம் கையில் இல்லை; தானாக வந்துவிடும். கல்லணையில் வந்த தண்ணீர் இவ்வளவு என்றான பிறகு காவிரிக்குக் கூட விட்டால் வெண்ணாற்றுக்குக் குறைகிற மாதிரி.

தேடவேண்டியது இந்த க-வைத்தான். இடைநிலை என்னும் எண்ணைத் தேடப் போனால் அது எந்த அரேயில் இருக்கிறது என்றே தெரியாது. க-வோ 0, 1, 2, 3, 4, 5 என்ற ஆறில் ஒன்றாக இருந்தே தீர வேண்டும். கணக்கு சட்டென்று சின்னதாகிவிட்டது பாருங்கள்.

ஒரு க சரியா என்று எப்படித் தெரியும்? வெட்டு விழும் இடத்தில் நான்கு எண்கள் நிற்கும். அ-வில் வெட்டுக்கு இடது ஓரம், வலது ஓரம். ஆ-வில் அதே போல இடது ஓரம், வலது ஓரம். அ-இடது, அ-வலது, ஆ-இடது, ஆ-வலது என்று அழைப்போம். அ-இடது ≤ அ-வலது என்பது வரிசையிலேயே இருக்கிறது, சோதிக்க வேண்டாம். ஆ-விலும் அப்படியே. சோதிக்க வேண்டியது குறுக்கே இரண்டுதான்: அ-இடது ≤ ஆ-வலது, ஆ-இடது ≤ அ-வலது. இரண்டும் தேறினால் இடது கூட்டம் முழுதும் வலது கூட்டம் முழுதையும் விடச் சிறியது (அல்லது சமம்). ஏழு பேரை ஆறு பேரோடு ஒவ்வொருவராக ஒப்பிட வேண்டிய வேலை இரண்டே ஒப்பீட்டில் முடிந்தது.

தேறாவிட்டால்? இரண்டில் ஒன்றுதான் தோற்க முடியும். இரண்டும் ஒன்றாகத் தோற்காது: அ-இடது ஆ-வலதை விடப் பெரிது, ஆ-வலது ஆ-இடதுக்குக் குறையாது, ஆ-இடது அ-வலதை விடப் பெரிது என்றால் அ-இடது அ-வலதை விடப் பெரிது என்று முடியும், வரிசையில் உள்ள அரேயில் அது நடக்காது. ஆகவே தோற்றது எது என்று பார்த்தால் எந்தத் திசையில் போவது என்று தெரிந்துவிடும். அ-இடது ஆ-வலதை விடப் பெரிது என்றால் அ-விலிருந்து அளவுக்கு மேல் எடுத்துவிட்டோம், க-வைக் குறைக்க வேண்டும். ஆ-இடது அ-வலதை விடப் பெரிது என்றால் அ-விலிருந்து போதாது, க-வைக் கூட்ட வேண்டும்.

பைனரி சர்ச், அதாவது நடுவைப் பார்த்து ஒவ்வொரு சுற்றிலும் பாதியைக் கழித்துவிடும் தேடல், இங்கே செல்லும் என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. க கூடக் கூட அ-இடது ஏறிக்கொண்டே போகும் (அல்லது அப்படியே நிற்கும்). ச குறைவதால் ஆ-வலது இறங்கிக்கொண்டே வரும். ஆகவே ஒரு க-வுக்கு "அளவுக்கு மேல்" என்று வந்தால் அதற்குப் பெரிய எல்லா க-வுக்கும் அதே கதைதான். அவற்றைத் தொட்டுப் பார்க்கவே வேண்டாம். மறுதிசையிலும் அப்படியே. நேர்காணலில் "பாதியை எந்த உரிமையில் தூக்கி எறிகிறீர்கள்?" என்று கேட்பார்கள். இந்த மூன்று வரிதான் பதில். மனப்பாடம் செய்தவர்கள் கழன்றுவிழும் இடமும் இதுதான்.

ஓட்டிப் பார்ப்போம். க இருக்கக்கூடிய எல்லைகளைத் தாழ், உயர் என்று வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அவற்றின் நடுவை க-வாக எடுப்போம். தாழ் = 0, உயர் = 5.

க = 2, ச = 5. அ: 3, 5 | 6, 11, 13. ஆ: 7, 8, 10, 10, 12 | 12, 14, 15. அ-இடது 5, ஆ-வலது 12; தேறியது. ஆ-இடது 12, அ-வலது 6, தேறவில்லை. அ-விலிருந்து இன்னும் வேண்டும். தாழ் = 3.

க = 4, ச = 3. அ: 3, 5, 6, 11 | 13. ஆ: 7, 8, 10 | 10, 12, 12, 14, 15. அ-இடது 11, ஆ-வலது 10; தேறவில்லை. இப்போது மிஞ்சிவிட்டது. உயர் = 3.

க = 3, ச = 4. அ: 3, 5, 6 | 11, 13. ஆ: 7, 8, 10, 10 | 12, 12, 14, 15. 6 ≤ 12, 10 ≤ 11. இரண்டும் தேறின. இடதில் பெரியது 6-க்கும் 10-க்கும் இடையில் 10. விடை 10.

தலைமடையில் 17 மூட்டை கண்ட இன்னொரு வயல் சேர்ந்து மொத்தம் பதினான்கு ஆனால்? வெட்டு அதே இடத்தில்தான் விழும். இரட்டைப்படை என்பதால் இடதில் பெரியது 10, வலதில் சிறியது (11-க்கும் 12-க்கும்) 11, இரண்டின் சராசரி 10.5.

ஒன்றைக் கூட்டுவது ஏன் என்றீர்களே. பாதி = (மொத்தம் + 1) / 2, மீதியை விட்டுவிட வேண்டும். 13 என்றால் 7, 14 என்றால் 7. ஒற்றைப்படையில் மிஞ்சும் அந்த ஒருவரை எப்போதும் இடது கூட்டத்திலேயே உட்கார வைப்பதற்கான வேலை அது. அப்படி வைத்தால் ஒற்றைப்படையில் விடை எப்போதும் "இடதில் பெரியது". கூட்டாமல் விட்டால் மிஞ்சியவர் வலதுக்குப் போவார், விடை "வலதில் சிறியது" ஆகும். அதுவும் சரியான கோடுதான். ஒன்றைப் பாதியும் மற்றதைப் பாதியும் கலந்து எழுதுவதுதான் தவறு.

சின்ன அரேயில் தேடுவது வேகத்துக்காக மட்டும் என்று பலர் சொல்கிறார்கள். வேகம் இரண்டாவது காரணம். முதல் காரணம் ச எல்லைக்குள் நிற்க வேண்டும் என்பது. க-வைப் பெரிய அரேயான ஆ-வில் வைத்துத் தேடினால் அது 0 முதல் 8 வரை போகும். க = 8 என்றால் அ-விலிருந்து வரவேண்டியது 7 − 8, மைனஸ் ஒன்று. க = 1 என்றால் ஆறு பேர் வேண்டும்; அ-வில் இருப்பதோ ஐந்து பேர். இரண்டிலும் இன்டெக்ஸ் (இட எண்) அரேக்கு வெளியே பாய்ந்து புரோகிராம் விழும், இல்லையேல் தப்பான விடை தரும். சின்னதில் தேடும்போது, க = 0 என்றாலும் ச = பாதி, அது பெரிய அரேயின் நீளத்தைத் தாண்டாது; க முழு நீளம் என்றாலும் ச பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால்தான் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே அ பெரிதாக இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்கிறோம்.

ச உள்ளே நின்றாலும் வெட்டு ஓரத்தில் விழலாம். அ = 1, 2 என்றும் ஆ = 3, 4, 5, 6 என்றும் வையுங்கள். பாதி 3. சரியான வெட்டு க = 2, ச = 1. அ-வுக்கு வலதில் யாருமே இல்லை. அங்கே ப்ளஸ் இன்ஃபினிட்டி வைக்கிறோம்: "யாரும் இல்லை" என்பது எந்த ஒப்பீட்டையும் தடுக்கக் கூடாது. 2 ≤ 4, 3 ≤ இன்ஃபினிட்டி, தேறியது. விடை 3-க்கும் 4-க்கும் நடுவே 3.5. அதே போல இடதில் யாரும் இல்லையென்றால் மைனஸ் இன்ஃபினிட்டி. அந்த இடத்தில் 0 போட்டு எழுதிய கோடுகளைப் பார்த்திருக்கிறேன். இதே எடுத்துக்காட்டில் 3 ≤ 0 தோற்று, தாழ் 3-க்குப் போய், உயர் 2-ஐத் தாண்டி, லூப் விடையே சொல்லாமல் வெளியே வந்துவிடும்.

மொத்தக் கோடு தமிழில் இவ்வளவுதான். ம என்பது அ-வின் நீளம், ந என்பது ஆ-வின் நீளம்.

ம > ந என்றால் அ, ஆ இரண்டையும் இடம் மாற்று
பாதி = (ம + ந + 1) / 2, மீதி இல்லாமல்
தாழ் = 0, உயர் = ம
தாழ் ≤ உயர் இருக்கும் வரை:
க = தாழ் + (உயர் − தாழ்) / 2, மீதி இல்லாமல்
ச = பாதி − க
நான்கு ஓரங்களையும் எடு. இல்லாத ஓரத்துக்கு இன்ஃபினிட்டி
அ-இடது > ஆ-வலது என்றால் உயர் = க − 1
இல்லை, ஆ-இடது > அ-வலது என்றால் தாழ் = க + 1
இரண்டும் இல்லை என்றால் வெட்டு கிடைத்தது. விடையைக் கணக்கிட்டுத் திருப்பு

இன்டெக்ஸ் பூஜ்யத்தில் தொடங்கும் மொழிகளில் அ-இடது இருப்பது க − 1-ஆம் இடத்தில், அ-வலது இருப்பது க-ஆம் இடத்தில். இதில் தடுமாறாதவர் கிடையாது. பேப்பரில் ஒரு தரம் எழுதிப் பார்த்துவிடுங்கள்.

ஒப்பீட்டில் சமம் செல்லும் என்பதைக் கவனியுங்கள். அ-வில் ஒரே ஒரு 10, ஆ-வில் ஒரே ஒரு 10 என்று வைத்து, "≤" இருக்கவேண்டிய இடத்தில் "<" போட்டுப் பாருங்கள். எந்த வெட்டும் தேறாது. மகசூல் மாதிரியான தரவில் ஒரே எண் திரும்பத் திரும்ப வரும். அங்கே இந்தப் பிழை முதல் நாளே வெளியே வரும். ஒன்றோடொன்று மோதாத எண்களை வைத்துச் சோதித்தவருக்கோ கடைசிவரை தெரியாது.

நடுவைக் கணக்கிடும் வரியில் (தாழ் + உயர்) / 2 என்று நேராக எழுதாமல் சுற்றி எழுதியிருக்கிறேன். 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் ஜாவாவில் மைனஸ் எண்ணாகப் புரண்டுவிடும். ஜாவாவின் சொந்த நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சிலேயே இந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. அதை எழுதிய ஜோஷுவா ப்ளாக் 2006-ல் தாமே அதை வெளிப்படையாக எழுதினார். நம் கணக்கில் இன்டெக்ஸ் அவ்வளவு பெரிதாகப் போவது அபூர்வம். ஆனால் கடைசி வரியில் இரண்டு மதிப்புகளைக் கூட்டி இரண்டால் வகுக்கிறோமே, அங்கே 200 கோடியும் 200 கோடியும் சந்தித்தால் அதே விபத்துதான். போதாததற்கு, ஜாவாவிலும் சி மொழியிலும் 21-ஐ 2-ஆல் முழு எண்ணாக வகுத்தால் 10 என்றுதான் வரும், 10.5 வராது. 2.0 என்று போடுங்கள். பைத்தானில் எழுதுகிறவருக்கு இந்த இரண்டு தலைவலியும் இல்லை.

எவ்வளவு லாபம்? இரண்டு பக்கமும் பத்து லட்சம் எண் இருந்தால் விரல் நகர்த்தும் முறைக்குப் பத்து லட்சம் நகர்வு; வெட்டு தேடும் முறைக்கு அதிகம் போனால் 20 சுற்று. சின்னதில் பத்து, பெரியதில் ஒரு கோடி என்றால் நான்கே சுற்று. நேரம் சின்ன அரேயின் நீளத்தை மட்டும் பொறுத்தது. பெரியது எவ்வளவு வளர்ந்தாலும் சுற்று எண்ணிக்கை மாறாது.

இதே கணக்குக்கு இன்னொரு வழியும் உண்டு. சிலருக்கு அதுதான் எளிதாகப் புரிகிறது. ஏழாவது எண் வேண்டும் என்றால் ஏழில் பாதி, மூன்று. இரண்டு அரேயிலும் மூன்றாவது எண்ணைப் பாருங்கள்: அ-வில் 6, ஆ-வில் 10. சின்னது 6. அந்த 6-க்கு முன்னால் அதிகம் போனால் அ-வில் இரண்டு, ஆ-வில் இரண்டு, மொத்தம் நாலு பேர்தான் நிற்க முடியும். அது ஏழாவதாக இருக்க வழியே இல்லை. ஆகவே 3, 5, 6 மூன்றையும் கழித்துவிட்டு மிச்சத்தில் நாலாவதைத் தேடுங்கள். நாலில் பாதி இரண்டு: அ-வில் 13, ஆ-வில் 8, 7-உம் 8-உம் போயின. மிச்சத்தில் இரண்டாவது: 11-க்கும் 10-க்கும் 10 போனது. மிச்சத்தில் முதலாவது: 11, 10 இரண்டில் சின்னது 10. அதே விடை. இடைநிலை என்றில்லாமல் எத்தனையாவது எண் கேட்டாலும் இது மாற்றமில்லாமல் செல்லும். ஒரு அரே தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பதைத் தனியே எழுத வேண்டும். எனக்கு வெட்டு முறைதான் பிடிக்கும். அதில் சரி என்று காட்டுவது சுலபம். நேர்காணலில் நேரம் குறைவாக இருந்தால் இதை எழுதுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

இனி, இந்த லாக் வேகம் நிஜத்தில் எங்கே உதவும் என்பதையும் சொல்ல வேண்டும். பல இடத்தில் உதவாது. எண்களை ஒரு ஃபைலிலிருந்து படித்து அரேயில் ஏற்றினாலே அத்தனையையும் ஒரு தரம் தொட்டாயிற்று. அதற்குப் பிறகு 20 சுற்றில் முடித்தேன் என்பதில் பெருமை இல்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலியாகப் போகும் லிங்க்டு லிஸ்ட்டாக இருந்தால் நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது, முறையே செல்லாது. வரிசையில் இல்லாத அரேக்கள் என்றால், வரிசைப்படுத்திவிட்டு இதைச் செய்வது வீண் சுற்று. அதற்குக் கணினி அறிஞர் ஹோர் 1961-ல் தந்த குவிக்செலக்ட் இருக்கிறது: ஒரு எண்ணைப் பிடித்து, அதை வைத்து இரண்டாகப் பிரித்து, வேண்டிய பக்கம் மட்டும் போவது. பிடித்த எண் மோசமாக அமைந்தால் அது படுத்துவிடும். எந்த நிலையிலும் நேர்கோட்டு நேரத்தில் (எண்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமான நேரத்தில்) முடிக்க 1973-ல் ப்ளம், ஃப்ளாய்டு, ப்ராட், ரிவெஸ்ட், டார்ஜான் ஐவரும் வழி கண்டார்கள். ஐவரில் நால்வர் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கியவர்கள். ஐந்தைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றின் இடைநிலையையும் எடுத்து, அந்த இடைநிலைகளின் இடைநிலையைக் கண்டுபிடிப்பார்கள். உங்கள் சராசரி யோசனைக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி தோன்றும். ஆனால் அவர்கள் அதை விடையாக எடுப்பதில்லை. எங்கே பிரிப்பது என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு தடவையும் பத்தில் மூன்று பங்கை ஒட்டியாவது கழியும் என்பதற்கு உத்தரவாதம் உண்டு.

வெட்டு முறை பளிச்சென்று உதவுவது, ஒரு எண்ணைக் கேட்டு வாங்குவதே செலவு என்னும்போது. தஞ்சாவூரில் ஒரு சர்வர், நாகப்பட்டினத்தில் ஒரு சர்வர், இரண்டிலும் வரிசையாக அடுக்கிய பத்து லட்சம் பதிவுகள் என்று வையுங்கள். ஒன்றின் பதிவு முழுதையும் மற்றதற்கு அனுப்பி மெர்ஜ் செய்வதற்குப் பதில், சுற்றுக்கு நாலு எண் கேட்டு 20 சுற்றில் முடித்துவிடலாம்.

இரண்டோடு நிற்காமல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நாலு பட்டியல் வந்தால்? வெட்டு முறை அப்படியே நீளாது. ஒரு க சொன்னால் மற்ற மூன்றும் தானாக வராது. அங்கே மதிப்பை வைத்தே பைனரி சர்ச் செய்யுங்கள். ஒரு மதிப்பை ஊகிக்க வேண்டியது, ஒவ்வொரு பட்டியலிலும் அதற்கு மேற்படாதவை எத்தனை என்று எண்ண வேண்டியது (அது தனித்தனி பைனரி சர்ச்), கூட்டிப் பார்க்க வேண்டியது. நம் இரண்டு பட்டியலில் 10 என்று ஊகித்தால் அ-வில் மூன்று, ஆ-வில் நாலு, மொத்தம் ஏழு; போதும். 9 என்று ஊகித்தால் மூன்றும் இரண்டும் ஐந்து, போதாது. ஏழைத் தொடும் மிகச் சின்ன மதிப்பு 10, அதுவே விடை. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பதியும் ஈரப்பதத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். 17.4 மாதிரி ஒரு புள்ளியோடு வரும் எண்களைப் பத்தால் பெருக்கி முழு எண்ணாக்கிக்கொண்டால் ஊகிக்க வேண்டிய இடைவெளி மிகச் சிறியது. "17 சதவீத வரம்புக்குள் எத்தனை?" என்ற கேள்விக்கும் அதே எண்ணும் வேலையே விடை தந்துவிடும். பல வரிசைகளில் இப்படித் தேர்ந்தெடுப்பதைப் பற்றி ஃப்ரெடெரிக்சனும் ஜான்சனும் 1982-ல் ஆழமாக எழுதியிருக்கிறார்கள். நேர்காணலுக்கு அது தேவைப்படாது, மேற்படிப்புக்குப் போனால் தேடிப் படியுங்கள்.

எழுதிய கோடைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். பெரிய அரேக்களை விட்டுவிடுங்கள். நீளம் 0 முதல் 6 வரை, மதிப்பு 0 முதல் 5 வரை என்று தற்செயலாக ஆயிரக்கணக்கில் ஜோடிகளை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் மெர்ஜ் முறையின் விடையோடு ஒப்பிடுங்கள். மதிப்பு குறுகலாக இருப்பதால் ஒரே எண் நிறைய மோதும். நீளம் குறுகலாக இருப்பதால் ஒன்று காலி, ஒன்றில் ஒரே எண், ஒன்று முழுதும் மற்றதற்கு முன்னால் என்று ஓரத்து நிலைகள் எல்லாம் தானாக வந்துவிழும். அ காலி, ஆ-வில் ஒரே 5 என்றால் பாதி 1, க = 0, ச = 1, விடை 5 வர வேண்டும். இரண்டும் காலி என்றால் இடைநிலையே கிடையாது. அங்கே 0 திருப்பாதீர்கள், பிழை என்று சொல்லுங்கள்.